எல்லாக் குறியும் கூட்டலான கணக்கு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். என் கணவர் அரூர் ஹைஸ்கூலில் கணித ஆசிரியர். நான் இண்டர்மீடியட்டில் கணிதம் படித்தவள். அப்போது ஏழு மாதக் குழந்தையோடு வீட்டில் இருந்தேன். குழந்தைக்கு மார்ச்சளி விடவே இல்லை. சேலத்து டாக்டரிடம் காட்டப் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் இருமல் அதிகமாகிவிடும். என் கணவருக்குச் சேலம் காலேஜில் வேலை கிடைத்துவிட்டால் அங்கேயே இருந்துவிடலாம். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அதற்கு அவருடைய பழைய புரொபசர் சிபாரிசு செய்ய வேண்டும். முதலில் இதைப் போடட்டும் என்று அவர் சென்னையிலிருந்து ஒரு கணக்கு அனுப்பியிருந்தார். குறுக்கே ஆறு வரிசை, நெடுக்கே ஆறு பத்தி, கட்டத்துக்கு ஓர் எண். வரிசைக்கு ஒன்றாக, ஒரே பத்தியில் இரண்டு வராமல், ஆறு எண்களை எடுத்துப் பெருக்க வேண்டும். அப்படி எடுக்க எழுநூற்றிருபது வழிகள். அத்தனை பெருக்குத்தொகைகளையும் கூட்டினால் விடை. அதைச் சீக்கிரம் காணும் வழியையும் எழுதச் சொல்லியிருந்தார்.

"நீ போட்டு வை, நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர்.

நாங்கள் படித்த டிட்டர்மினன்டும் இதே கணக்குதான். அங்கே பாதிக்குக் கழித்தல் குறி வரும், இங்கே எல்லாமே கூட்டல். டிட்டர்மினன்டில் ஒரு வரிசையை இன்னொன்றிலிருந்து கழித்துப் பூஜ்யங்களாக்கிவிட்டால் வேலை சுலபம். கை பழகியிருந்ததால் இங்கேயும் கழித்தேன். ஒரே பிற்பகலில், இரண்டு தடவை பால் கொடுத்ததற்கு நடுவில், விடை வந்தது. அவர் பார்த்து, தன் கையெழுத்தில் எழுதித் தபாலில் போட்டார்.

மூன்றாம் நாள் துணி அலசும்போதுதான் உறைத்தது. இரண்டு வரிசை ஒன்றுபோல இருந்தால்? கழித்தால் ஒரு வரிசை முழுக்கப் பூஜ்யம், விடையும் பூஜ்யம். ஆனால் எல்லாக் கட்டத்திலும் எண் இருக்க, எல்லாவற்றையும் கூட்டினால் எப்படிப் பூஜ்யம் வரும்? பாலின் சூட்டை மூன்று தரம் பார்க்கிறவள் நான். இதை ஒரு தரம்கூடத் திரும்பப் பார்க்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று சாயங்காலம் வரை நினைத்தேன். அவர் காப்பி குடித்து முடித்ததும் சொன்னேன்.

"ஏங்க, அந்த விடை தப்புங்க. நான் கழிச்சிட்டேன். இதுல கழிக்கக் கூடாதுங்க."

இரண்டுக்கு இரண்டாகச் சின்னக் கட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்.

"நானுந்தான் பாத்தேன். பசங்களுக்கு முட்டை போடறவன், எனக்கு யாரு போடறது?"

மறுநாளிலிருந்து பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டார்: "கொழந்த அந்த அழுவ அழுவுது, நீ என்ன கண்ணு தாயமா ஆடற?"

"பாதி ஆட்டத்துல இருக்கேங்கக்கா, செத்த தூக்கிக்குங்க."

அவர் குழந்தையை வைத்திருந்த நேரத்தில்தான் வழி கிடைத்தது. முதல் வரிசையில் ஒன்றாம் பத்தியும் அடுத்ததில் மூன்றாம் பத்தியும் எடுத்தாலும், மாற்றி எடுத்தாலும், மிச்சமிருக்கும் பத்திகள் அதேதான். அந்த இரண்டு பெருக்குத்தொகைகளையும் கூட்டி ஒரே எண்ணாக வைத்துக்கொண்டால் போதும். எந்தெந்தப் பத்தி செலவாகிவிட்டது என்பதுதான் கணக்கு. எந்த வரிசையில் செலவானது என்பது வேண்டாம். இப்படி வரிசை வரிசையாக இறங்கினால் மொத்தம் அறுபத்துமூன்று எண்கள்தான் எழுத வேண்டும். நான்கு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் போட்டேன்.

"முன்னது தப்புன்னு எழுத வேணாம். திருத்தின விடைன்னு மட்டும் எழுதலாம்" என்றார் கணவர்.

"அவருக்குத் தெரியாதுங்களா?"

யோசித்துவிட்டு, தவறு என்றே எழுதினார். அதன் கீழே வழியையும் எழுதினார். நான் கெடுத்தேனா, காப்பாற்றினேனா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புரொபசரிடமிருந்து பதில் வந்தது. விடை சரி, வழி நன்று, இதே வழியில் எட்டுக்கு எட்டு ஒன்றைப் போட்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தார். சிபாரிசைப் பற்றி ஒரு வரி இல்லை. காலேஜ் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது என்று அப்புறம் தெரிந்தது.

எட்டுக்கு எட்டு என்றால் இருநூற்று ஐம்பத்தைந்து எண்கள். அப்படியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கோடு இழுக்க ஆரம்பித்தேன்.