அப்பா தட்டிவிட்ட பஞ்சு

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் இளைய மகளாகிய என் வணக்கம். "அப்பாவப் பத்தி நல்லத மட்டும் எழுது" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அப்பாவின் வாழ்க்கையில் ஒரு பெரிய தவறு உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் இது யாரைப் பற்றிய கட்டுரை என்று அப்பாவே கேட்பார். ஆகவே அண்ணனோடு கொஞ்சம் சண்டை பிடித்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா செம்பட்டிக்குப் பக்கத்தில், தக்காளியும் வெங்காயமும் போட்ட ஒரு விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். கிணறு வற்றிப்போன காலத்தில் திண்டுக்கல்லுக்கு வந்து, என் அத்தை வீட்டில் தங்கி, ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தார். படிப்பு முடிந்ததும் ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதே மில்தான். பிடித்தால் ஒரே பிடி, அதுதான் அப்பா.

அந்த மில்லில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஓடும் இயந்திரத்தில் பஞ்சு சிக்கிக்கொண்டால் சுவிட்சை நிறுத்துவார்கள். பிறகு ஒரு பிடி பஞ்சைத் திரித்துச் சுவிட்சின் கைப்பிடியில் சுற்றிவிட்டு வேலை பார்ப்பார்கள். பஞ்சு சுற்றியிருந்தால் உள்ளே ஆள் கை வைத்திருக்கிறார், தொடாதே என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். ஆனால் நூற்பாலையில் பஞ்சு எங்கேதான் இல்லை? தலைமுடியில், புருவத்தில், சோற்றுத் தூக்கில், எல்லாவற்றிலும் பஞ்சுதான். அப்பாவோ சுத்தக்காரர். எந்தச் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தாலும் கையால் தட்டித் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்.

ஒரு நாள் காலை ஷிப்டில் டீ குடித்துவிட்டு வந்த அப்பா, ஒரு இயந்திரம் நின்றிருப்பதைக் கண்டார். மின்சாரத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார். சுவிட்சின் மேல் ஒட்டியிருந்த பஞ்சை வழக்கம்போலத் தட்டிவிட்டுக் கைப்பிடியை மேலே தள்ளினார். இயந்திரத்தின் மறுபக்கம் அவருடைய நெருங்கிய நண்பர் சவரிமுத்து மாமா சிக்கிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

பஞ்சைத் தட்டிவிட்டதை யாரும் பார்க்கவில்லை. தானாக விழுந்திருக்கும் என்றார்கள். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடப்போனார்கள். அம்மா அப்போது அண்ணனைச் சுமந்துகொண்டிருந்தார். அப்பா மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்று சொல்லிவிட்டார்.

"பஞ்சு விழுகலப்பா. நாந்தான் தட்டிவிட்டேன்."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாராம்: "போயிரு. இனிமே எம் மூஞ்சில முழிக்காத."

அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போய் அப்பா அதையே சொன்னார். கோப்பைத் திருத்தி எழுதினார்கள். அப்பாவைச் சில வாரங்கள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். "உண்மையச் சொன்னதுக்கு நல்ல கூலி" என்று அம்மா அழுதார். அந்த நாட்களில் அப்பா தினமும் மாதா கோவிலில் போய் உட்கார்ந்திருந்ததாக அத்தை சொல்வார்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே ஊரிலிருந்து ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு போனார். சுவிட்ச் கைப்பிடியில் துளை போட்டு, நிறுத்திய பிறகு பூட்டிவிட்டால் யாரும் தள்ள முடியாது. சாவி, உள்ளே கை வைப்பவரின் மடியில் இருக்க வேண்டும். மாற்றுச் சாவியே கிடையாது. அவ்வளவுதான் யோசனை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இது ஏன் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டால், எனக்கும் தெரியாது.

"ஒவ்வொருத்தனும் பூட்டித் தொறந்துக்கிட்டு இருந்தா நூல யாருய்யா ஓட்டுறது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். அப்பா விடவில்லை. தன் இயந்திரங்களுக்கு மட்டும் தானே பூட்டினார். கேலி பேசியவர்கள் ஒவ்வொருவராகத் தங்களுக்கும் ஒரு பூட்டு கேட்டார்கள். மில் முழுக்க அது சட்டமாக வருவதற்குள் அண்ணன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்.

பிறகு அப்பா ஃபோர்மேன் ஆனார். புதிதாகச் சேர்கிறவர்களை முதல் நாள் உட்கார வைத்து, "நான் ஒருத்தரோட ரெண்டு வெரல எடுத்தவன்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "ஏங்க, ஊரெல்லாம் மறந்துபோனத நீங்களே தண்டோரா போடணுமா?" என்பார்.

"ஊரு மறந்தா அடுத்த வெரலு போகும் புள்ள" என்பார் அப்பா.

மூடியைத் திறந்து வைத்தபடியே இயந்திரத்தை ஓட்டியதாக ஒரு பெண் ஒருமுறை தானே வந்து ஒப்புக்கொண்டாள். துப்பட்டா நுனி கிழிந்ததோடு தப்பித்திருந்தாள். அப்பா திட்டவில்லை. "நீயா வந்து சொன்ன பாரு தாயி, அதுக்கு ஒனக்கு நன்றி. மூடிய எதுக்குத் தொறந்த, அதச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். மூடி சரியாக உட்காராமல் மணிக்கொருதரம் தொல்லை கொடுத்தது தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மூடியை மாற்றினார்கள். தப்பைச் சொன்னவரைத் திட்டினால் அடுத்த தப்பு நம் காதுக்கு வராது என்பது அப்பாவின் கணக்கு. வீட்டில் நாங்கள் தட்டை உடைத்தாலும் அதே கேள்விதான்: "எப்படி ஒடஞ்சுச்சு?" எனக்கு எரிச்சலாக வரும். ஒரு அடி போட்டுவிட்டாலாவது சீக்கிரம் முடிந்துவிடும்.

வீட்டில் அவர் செய்த அட்டகாசம் தனி. மிக்சியைக் கழுவும் முன் பிளக்கைப் பிடுங்கினோமா என்று வந்து எட்டிப் பார்ப்பார். தெருமுனைக் கடைக்குச் சோற்றுக்கு வெஞ்சனம் வாங்க வண்டியில் கிளம்பிய என் கணவரைத் திருமணமான மறுநாளே ஹெல்மெட் போட வைத்துவிட்டார். "இம்புட்டுத் தூரத்துக்கா மாமா?" என்று அவர் கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

ஆனால் அப்பாவுக்கு ஒரு குறை இருந்தது. வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் அன்று திருப்பலி முடிந்ததும் பலகாரத் தூக்கோடு தாடிக்கொம்பில் இருந்த சவரிமுத்து மாமா வீட்டுக்குப் போவார். மாமாவின் மனைவி வந்து வாங்கிக்கொள்வார். மாமா உள்ளறையிலிருந்து வெளியே வரமாட்டார். அப்பா வாசலில் செத்த நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். "ஏம்ப்பா இன்னும் போறீங்க?" என்று வழியில் கேட்டேன். "அவன் பேசணும்னு போகல. நான் வரலன்னு அவன் நெனச்சிரக் கூடாது" என்றார். எனக்கு மாமாவின் மீது கோபம் கோபமாக வந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

கடைசி இரண்டு மாதம் நுரையீரல் நோயால் அப்பா படுக்கையில் இருந்தார். வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும், "சவரிமுத்தா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனது விட்டுப்போயிற்று. மாமா வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மாவின் கையைப் பிடித்தபடியே அப்பா அமைதியாகக் கண்மூடினார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் மாமா நின்றிருந்ததை அண்ணன் பார்த்திருக்கிறார். நாங்கள் கூப்பிடுவதற்குள் போய்விட்டார்.

அப்பாவின் துன்ப நாட்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து நற்கருணை தந்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்தன்று பந்தல் முதல் தண்ணீர் வரை பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், ஷிப்டு முடிந்த கையோடு வந்து பெட்டியைத் தோளில் சுமந்த மில் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பெயரை எழுதலாமா என்று அனுமதி கேட்பதற்காக, போன மாதம் தாடிக்கொம்புக்குப் போனேன். முதன்முறையாக மாமா வெளியே வந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"வந்திருக்கணும். வாரேன் வாரேன்னு இருந்துட்டேன். அம்புட்டு வருசம் பேசாத வாயி, என்னத்தச் சொல்லித் தொறக்க?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

எழுந்து வாசல் வரை வந்தவரிடம், "அப்ப, பேரப் போடலாமா மாமா?" என்று கேட்டேன்.

"போடும்மா. அவன் வெரல எடுத்தத எழுதிருக்க, சரி. எம் மகளக் கட்டிக் குடுத்த எடத்துல கஷ்டம்னதும் மூணு மில்லுல வேலைக்குக் கூப்பிட்டாங்க. அவன் இருக்குற மில்லுக்குத்தான் போகணும், ஆனா எம் மகள்னு அவன்ட்டச் சொல்லப்படாதுன்னு சொல்லி அனுப்புனேன். ஒம்பது வருசம் அங்கன வேல பாத்தா. தெனமும் ரெண்டு கையோட வீட்டுக்கு வந்தா. அதையும் எழுது."

எழுதிவிட்டேன், அப்பா.