கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தேன்

அந்த வருடம் எங்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிற நானே வேதியியலையும் சேர்த்து எடுத்தேன். எனக்கு வீடு அனுப்பம்பட்டில். காலையில் ரயில் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. நைனா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். அவரைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டி, துணியை அலசிக் காயப்போட்ட பிறகுதான் கிளம்ப முடியும். பள்ளிக்குள் நுழையும்போதே உடம்பில் பாதி தீர்ந்துபோயிருக்கும்.

புதிதாகப் பாடம் தயாரிக்கத் தெம்பு இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எழுதிய நோட்டையே வருடா வருடம் கையில் வைத்துக்கொண்டு சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அதில் கூலூம் விதிக்கு ஒரு கணக்கு. ஒரே கோட்டில் மூன்று மின்னூட்டங்கள்: இடப்பக்கம் பிளஸ் இரண்டு மைக்ரோ கூலூம், நடுவில் பிளஸ் மூன்று, வலப்பக்கம் மைனஸ் நான்கு. அடுத்தடுத்தவற்றுக்கு நடுவே முப்பது சென்டிமீட்டர். நடுவில் இருப்பதன் மேல் மொத்த விசை எவ்வளவு? விடை 0.6 நியூட்டன் என்று நோட்டில் இருந்தது.

காலாண்டுத் தேர்வில் அதையே கேட்டேன். கோட்டைக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் 1.8 என்று எழுதியிருந்தாள். குறுக்கே ஒரு கோடு போட்டு முட்டை வைத்தேன். பேப்பரைக் கொடுத்ததும் என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், இதுக்கு ஏன் தப்பு போட்டீங்க?"

"விடை தப்பு. நோட்டைப் பாரு."

"பாத்தேன் டீச்சர். லெப்ட்ல கீற பிளஸ், நடுவுல கீறத வலது பக்கம் தள்ளுது. ரைட்ல கீற மைனஸ், அதே பக்கம் இழுக்குது. ரெண்டும் ஒரே பக்கம்தானே? அப்போ கூட்டணும்னு…"

"மைனஸ் இருக்கு இல்ல? மைனஸ் இருந்தா கழிக்கணும். போய் உட்காரு."

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் மனசுக்குள் இறங்கவில்லை. அடுத்த பீரியட் கெமிஸ்ட்ரி. அதற்கு நான் எதையும் பார்த்து வைத்திருக்கவில்லை. அவள் பேப்பரை இரண்டாக மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டியதும் வழக்கமாகக் கண் சொருகிவிடும். அன்று சொருகவில்லை. 'ரெண்டும் ஒரே பக்கம்தானே' என்பது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மூன்று புள்ளி வைத்தேன். இடப்புறத்துப் பிளஸ் தள்ளுவது 0.6, வலப்பக்கம். வலப்புறத்து மைனஸ் இழுப்பது 1.2, அதுவும் வலப்பக்கம். மொத்தம் 1.8.

மைனஸ் குறி விசையின் திசையைச் சொல்வதாக நினைத்து, படம்கூடப் போடாமல், 1.2-இலிருந்து 0.6-ஐக் கழித்து வைத்திருக்கிறேன். எத்தனை செட் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி எழுத வைத்தேன்! பொன்னேரி வந்தும் இறங்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் என் தோளுக்குப் பக்கத்தில் கம்பியைத் தட்டினார்.

மறுநாள் அவள் வரவில்லை. நான் போட்ட முட்டைதான் காரணமோ என்று தோன்றியது. பள்ளி விட்டதும் வழி விசாரித்துக்கொண்டு கோட்டைக்குப்பம் போனேன். கரையில் அவளும் அவள் அம்மாவும் வலையை மடியில் போட்டு, சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா பதறி எழுந்தார்.

"இன்னா டீச்சர், இவ்ளோ தொலவு? இது எதுனா தப்பு பண்ணிடுச்சா?"

"அவ பண்ணலம்மா. நான்தான் பண்ணேன். அவ போட்ட கணக்கு சரி. நான் தப்புன்னு அடிச்சிட்டேன்."

அம்மாவுக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. "அட, இதுக்கா வந்தீங்க!" என்று மறுபடி உட்கார்ந்துகொண்டார். அவள் மட்டும் நண்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அதுக்காக லீவு போட்டேன்னு நெனச்சிட்டீங்களா? இல்ல டீச்சர். வலையில நெறய மாட்டிக்கினு இருந்துது, அதான்."

"நேத்தே நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும். ரொம்பக் களைப்பா இருந்துச்சு."

"தெரியும் டீச்சர். மொகத்துலயே தெரிஞ்சுது. அதான் அப்பறம் நான் பேசல."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேப்பரை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி வாங்கி, முட்டையை அடித்துவிட்டு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். தாளில் மீன் வாசம் ஏறியது.

அடுத்த நாள் வகுப்பில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றேன். யாரும் அதிரவில்லை. "டீச்சர், பேனால எழுதிட்டோம், அடிச்சிட்டு எழுதலாமா?" என்று கேட்டார்கள். அவள் அப்போதும் குனிந்து வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

பழைய மாணவர்கள்தான் மனசை விட்டுப் போகவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருப்பவன் என்னிடம் படித்தவன். ஒரு நாள் கடைக்குள் போய், அந்தக் கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததை அவனிடம் சொன்னேன். அவனுக்குக் கணக்கே நினைவில்லை. நான் விளக்க ஆரம்பித்ததும் சிரித்தான்.

"அது பரிச்சைல வரவே இல்ல டீச்சர், வுடுங்க. நீங்க இன்னா இப்பிடி எளச்சிட்டீங்க? குந்துங்க, டீ சொல்றேன்."

உட்கார்ந்தேன். டீ வருவதற்குள் என் பஸ் வந்து போனது. எழுந்து ஓட என்னால் முடியவில்லை.