மடியில் வைத்த வானொலி

என் காது பழுதாவதைப் பிறருடைய சிரிப்பில்தான் முதலில் அறிந்தேன். பின்னேரங்களில் கணவரும் அவருடைய தங்கை பரமேசும் டிரான்சிஸ்டரில் நாடகம் கேட்டு ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பேன்.

“என்னவாம்?” என்று கேட்டால், “பொறுங்கோ மச்சாள், முடியட்டும்” என்பாள் பரமேஸ். முடிந்ததும் மறந்துவிடுவாள். கணவனை இழந்து எங்களுடன் இருப்பவள். இரங்க வேண்டிய எனக்கு வயிறு எரிந்தது.

காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய எலும்பு இறுகிவிட்டது (அது அசைந்தால்தான் ஒலி உள்ளே போகும்) என்றார் வைத்தியர். சத்திரசிகிச்சைக்கு நான் துணியவில்லை. கேட்கும் கருவி வந்தது: சிகரெட் பெட்டியளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர்.

இதே கருவியை அணிபவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டியைச் சேலைக்கு வெளியே, நெஞ்சுப் பக்கமாகக் குத்திக்கொள்ளுங்கள். உள்ளே வைத்தால், துணி உரசும் சத்தம் ஓலை இழுபடுவதுபோல் கேட்கும்.

பேச்சு கேட்டது. வானொலியோ அடுப்படிச் சத்தத்துடன் கலந்து வந்தது. நான் வானொலி, கருவி இரண்டின் சத்தத்தையும் கூட்டினேன், அது பிழை.

“கொக்குவில் ஊர் முழுக்கக் கேக்குது. உமக்கு மட்டும் கேக்கேல்லையோ?” என்றார் கணவர். பரமேஸ் சிரித்தாள். அது தெளிவாகக் கேட்டது.

அடுத்த முறை வைத்தியர் பெட்டியின் ஓரத்திலிருந்த சிறு விசையைக் காட்டினார். “உது ரெலிபோனுக்கு. றேடியோவோடை ஒட்டி வைச்சுப் பாருங்கோ.” (விசையை மாற்றினால் கருவி அறைச் சத்தத்தை விட்டுவிடும், ஒலிபெருக்கியின் காந்தத்திலிருந்தே ஒலியை எடுக்கும்.)

அன்று வானொலியை மடியில் வைத்து, அதன்மேல் பெட்டியை வைத்தேன். என் தலைக்குள்ளேயே ஒருவர் இருந்து பேசியதுபோல் இருந்தது. வேண்டுமென்றே வானொலியின் சத்தத்தைக் குறைத்தேன். எனக்கு அது போதும். அவர்களுக்குப் போதவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போனார்கள். அங்கேயும் பகிடியும் சிரிப்பும்தான். கதவால் பார்த்தபோது இருவருடைய தோள்களும் குலுங்கின.

வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கியது. எங்கள் பகுதியில் அதைத் தவறவிடமாட்டார்கள்; தந்தி வருமுன் அதுதான் சொல்லும். கரவெட்டிச் சின்னம்மாவின் பெயர் வந்தது. தாயில்லாத இவர்கள் இருவரையும் வளர்த்தவர்.

நிமிர்ந்து பார்த்தேன். பரமேஸ் தேங்காய் துருவியபடி ஏதோ சொல்ல, கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர்களுக்குச் சின்னம்மா இன்னும் உயிரோடு இருந்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை என்று எத்தனை பின்னேரம் புழுங்கியிருப்பேன்! இப்போது அதை நிறுத்த வேண்டியவள் நான்.

பெட்டியை நெஞ்சில் குத்தி, விசையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

“இஞ்சாருங்கோ, கரவெட்டிச் சின்னம்மா போட்டாவாம்.”

“வடிவாக் கேட்டனீரோ? வேறை ஆரின்ரையும் பேராய் இருக்கும்” என்றார் கணவர்.

சின்னம்மாவின் கணவர் பெயர், பிள்ளைகளின் பெயர்கள், ஈமக்கிரியை நேரம் எல்லாவற்றையும் கேட்ட ஒழுங்கிலேயே சொன்னேன். என் கணவர் அப்படியே சுவரோடு சாய்ந்தார்.

அண்ணனிடம் போவாள் என்று நினைத்தேன். பரமேஸ் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

“மச்சாள், அவ எங்களைக் கேட்டிருப்பாவே? சாகிற நேரம் கேட்டிருப்பாவே?”

அவள் முகம் பெட்டியின்மேல் அழுந்தியிருந்தது. ஒவ்வொரு விம்மலும் என் தலைக்குள் இடித்தது. என் காது நெஞ்சுக்கு இறங்கி வந்து, அவள் அதன்மேல் விழுந்து அழுவதுபோல் இருந்தது. வலித்தது. சத்தத்தைக் குறைக்கக் கை போகவில்லை.