வாயில் நுழையாத ஐந்து பெயர்கள்

அத்தையை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்புதான் முதலில் வரும். ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் அவரால்தான் நான் பெரிய ஆளானேன். பைபிளில் வரும் ஐந்து அக்கா தங்கைகளின் வாயில் நுழையாத பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லுவேன். சூலூரில் எங்கள் சபைப் பிள்ளைகளில் வேறு யாருக்கும் அது வராது. அப்பாவின் தங்கையான அத்தைதான் விடுமுறை வேதப்பள்ளியில் எங்களுக்கு டீச்சர்.

அந்த வருஷம் அப்பாவின் அப்பா உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் விட்டுப்போன இடத்தைப் பெரியப்பாவும் அப்பாவும் இரண்டாகப் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. பங்கு வேண்டாமென்று அத்தை ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மாமா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். அத்தையும் மாமாவும் வருஷத்துக்கொரு வாடகை வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கூடப்பிறந்தவர்களிடம் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அத்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பத்திரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போட அத்தையையும் வரச்சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் அவர்தான் செய்தார். எங்களுக்குள்ளதெல்லாம் உம்முடையது ஆண்டவரே, நாங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரர்கள் மட்டுமே என்று குரல் தழுதழுக்க முடித்தார். கறிக்குழம்பு வாசம் ஆளைத் தூக்கியது.

"கண்ணு, மனப்பாடம் பண்ணுனியே, அந்தக் கதையச் சொல்லு" என்றார் அத்தை.

கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். தங்கள் அப்பா செத்த பிறகு அந்த ஐந்து பெண்களும் சபை முன்னால் வந்து நின்று பங்கு கேட்டது, கொடுக்கச் சொல்லிக் கர்த்தரே தீர்ப்புச் சொன்னது, எல்லாம் பிசகில்லாமல் வந்தது. யாரும் கைதட்டவில்லை.

பெரியப்பாதான் வாயைத் திறந்தார். "அந்தாளுக்குப் பையனே இல்ல, அதனால குடுத்தாங்க. இங்க நாங்க ரண்டு பேரு குத்துக்கல்லாட்ட இருக்கறமல்ல?"

நான் விடுவேனா? "பையன் இருந்தா, பொம்பளப் புள்ள புள்ளையே இல்லைன்னு ஆயிருமுங்ளா பெரியப்பா?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா குழம்புச் சட்டியை அத்தை பக்கம் நகர்த்தினார். பிறகு, "பத்திரத்த எடுத்து வைங்கண்ணா. சாப்பிட்டுப்போட்டுப் பேசிக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம், அந்த இடத்தில் தனக்குக் கிடைத்த மூன்றில் ஒரு பங்கில் அத்தை ஓட்டுவீடு கட்டினார். ரிப்பன் வெட்டப் போதகர் தயாராக நின்றிருந்தார். அத்தை கத்திரிக்கோலை என் கையில் கொடுத்து, "நீதான் வெட்டோணும் அம்மணி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து பெயர்களையும் தப்பில்லாமல் சொன்னதற்குப் பரிசு என்றே நினைத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் பேழைக் கதையும் மீன் வயிற்றுக் கதையும் சொல்லிக்கொடுத்தவர், என்னை மட்டும் தனியாக உட்காரவைத்து ஏன் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.