வால்வைத் திறந்தது நான்தான்

சென்ற திங்கட்கிழமை காலை ஆய்வுகூடத்தில் சீமெந்து அச்சுகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது மேரி அக்கா அழைத்தார். "தங்கச்சி, அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றார்.

அவருடைய கணவர் அந்தோனி அண்ணையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்து, அகதியாக வந்து, ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் எங்கள் ஆய்வுகூடத்தின் அழுத்தக் கலனை இயக்கியவர். நிலத்தின் ஆழத்திலிருந்து சுடுநீர் எடுக்கும் கிணறுகளுக்கான சீமெந்தைச் சிறு கட்டிகளாக வார்த்து, கிணற்றுக்குள் இருக்கும் அதே சூட்டிலும் அழுத்தத்திலும் கலனுக்குள் இறுக வைப்போம். பிறகு நசுக்கிப் பலம் பார்ப்போம். வார்ப்பது என் வேலை, கலன் அவருடையது.

நான் சேர்ந்த அன்றே, "இது எங்கட பிரஷர் குக்கர்தான் தங்கச்சி. ஆனா இது விசிலடிச்சா, சோறு தின்ன நாங்கள் இருக்கமாட்டம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கலனுக்குக் கிட்ட ஒருவரையும் அண்ட விடமாட்டார். கன்டீன் சாப்பாட்டைத் திட்டாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை, தட்டில் மிச்சம் வைத்ததும் இல்லை.

என் தகுதிகாண் காலம் முடியும் வாரம். அதில் ஒருநாள் மாலை அவர் மகள் ஷெரினுக்கு நிச்சயதார்த்தம். கலன் ஆற நேரமெடுக்கும். சூடு தணியுமுன் அழுத்தத்தை இறக்கினால், கட்டிக்குள் இருக்கும் நீர் சட்டென்று கொதித்து அதை உள்ளிருந்தே வெடிக்க வைத்துவிடும். இது அவருக்குத் தெரியாததா? இருந்தும் அவசரத்தில், அழுத்தத்தை இறக்கும் வால்வைக் கொஞ்சம் முந்தித் திறந்துவிட்டார்.

நசுக்கிப் பார்த்தபோது கட்டிகள் அப்பளமாக நொறுங்கின. "கலவை பிழை. உங்களைத் தொடர்ந்து வைத்திருப்பதை யோசிக்க வேண்டும்" என்றார் மேலாளர்.

நிச்சயதார்த்தத்துக்குக் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு விடைபெற வந்த அண்ணை, நான் அழுவதைக் கண்டார். நசுக்காத ஒரு கட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மயிரிழை வெடிப்புகள். முகம் கறுத்துவிட்டது. நேரே மேலாளரிடம் போய், "வால்வைத் திறந்தது நான்தான். அவவில ஒரு பிழையும் இல்லை" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். கலனைப் பறிப்பேன் என்று மேலாளர் சொன்னபோதும் பேச்சை மாற்றவில்லை. புதிதாக வார்க்கும் கட்டிகள் தாங்கினால் என்னை வைத்திருப்பதாக மேலாளர் ஒத்துக்கொண்டார்.

திரும்பி வந்து கோட்டைக் கழற்றினார்.

"நீங்கள் போங்கோ அண்ணை, மகள் பாத்துக்கொண்டிருப்பா."

"மோதிரம் நான் இல்லாமலும் ஏறும். உங்கட வேலை நான் இல்லாட்டிப் போயிடும்."

புதிதாக வார்த்துக் கலனில் ஏற்றிய பிறகுதான் புறப்பட்டார். அந்தக் கட்டிகள் நசுக்கியபோது தாங்கி நின்றன. என் வேலையும் நிலைத்தது. அண்ணை சில மாதங்கள் கலனை விட்டு விலக்கப்பட்டு என்னோடு அச்சுக் கழுவினார். முணுமுணுக்கவில்லை. பிறகு மேலாளரே கூப்பிட்டுக் கலனைத் திருப்பிக் கொடுத்தார்.

நேற்று அண்ணையின் அடக்கத்துக்கு முன் தேவாலய மண்டபத்தில் இதைச் சொல்லி முடித்தேன். ஷெரின் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"ரயில் பிந்தினதெண்டுதான் அக்கா அப்பா எனக்குச் சொன்னவர். மோதிரம் மாத்தி முடிஞ்சாப் பிறகுதான் வந்தவர். கன நாள் நான் அவரோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. உண்மையைச் சொல்லியிருந்தா உங்களைத்தான் திட்டியிருப்பன்."

மேலாளரிடம் தன் பிழையை மறைக்காத மனிதர், வீட்டில் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லி, மகளின் கோபத்தையும் தானே வாங்கியிருக்கிறார். இப்படிப்பட்டவரோடு வேலை செய்தவள் நான் என்று எங்கும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

ஷெரினும் நானும் கைகோத்தபடியே போய் மண் போட்டோம். போயிட்டு வாங்கோ அண்ணை. உங்கட மகளுக்கு இப்ப எல்லாம் தெரியும்.