ஜனக்கணக்கில் அத்தையின் வரி

மாமல்லபுரத்து ஆரம்பப் பள்ளியில் நான் ஐந்தாவது படித்த வருஷம், தை பிறந்ததிலிருந்து எங்களுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. சுதந்திரம் வந்த பிறகு நடக்கும் முதல் ஜனக்கணக்கு அது. எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க எங்கள் வாத்தியாரையே போட்டிருந்தார்கள். செங்கல்பட்டுக்குப் போய்ப் பயிற்சி முடித்து வந்த மற்ற வாத்தியார்கள் வெயிலையும் செருப்பையும் சொல்லி அலுத்துக்கொண்டபோது, இவர் மட்டும் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் போல முகமெல்லாம் மலர்ச்சியாக வகுப்புக்குள் நுழைந்தார். இனி மாசி முடிகிற வரைக்கும் எல்லாப் பாடமும் ஜனக்கணக்குதான் என்றார்.

சொன்னபடியே செய்தார். பூகோளப் பாடத்தில் கடற்கரையிலிருந்து கோயில் வரைக்கும் தெருவை மணலில் வரைந்து, வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல் வைத்தோம். தேகப்பயிற்சியில் ஓடவிடாமல் வயசுவாரியாக வரிசை கட்டி நிற்கவைத்தார். தமிழ்ப் பாடத்தில் கேள்வி கேட்கும் விதம். "எத்தினி பேரு" என்று மொட்டையாகக் கேட்டால் எந்தத் தாயும் கதவைச் சாத்திவிடுவாள், பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்ற பயம் அவளுக்கு. ஆகையால் எண்ணிக்கையைக் கேட்காதே, மூத்த பிள்ளையின் பெயரைக் கேள், அடுத்தவன் பெயரைக் கேள், எண்ணுவதை உன் மனசோடு வைத்துக்கொள் என்பார். இவ்வளவு நாசூக்கு ஒரு வாத்தியாரிடம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு நாள் எங்களைத் தபசுப் பாறைக்கு அழைத்துப்போய், அதில் செதுக்கியிருக்கும் உருவங்களை இனவாரியாக எண்ணச் சொன்னார். பத்துப் பேர் எண்ணினோம், பத்துக் கணக்கு வந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கும் பூனையை முனிவர் கணக்கில் சேர்த்திருந்தேன். பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. பெரிய யானையின் காலடியில் கிடக்கும் குட்டிகளை யார் யார் விட்டீர்கள் என்று கேட்டார். பாதிப் பேர் விட்டிருந்தோம். பெரிசின் நிழலில் இருப்பவர்கள்தான் கணக்கில் விட்டுப்போவார்கள், அங்கேதான் குனிந்து பார்க்கவேண்டும் என்றார்.

எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். ஒருத்தரை விட்டாலும் தேசத்துக் கணக்கே தப்பு என்று அவர் சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அப்பா, அம்மா, அத்தை, தம்பிகள் இரண்டு பேர், நான் என்று கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருப்பேன். என்னை எண்ணினேனா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் ஆரம்பிப்பேன்.

கணக்குப் பாடம்தான் இருக்கிறதிலேயே ருசி. தெருவில் கல்யாணமான ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று தனித்தனியாகக் கூட்டச் சொன்னார். ஜோடி ஜோடியாகத்தானே இருக்கிறார்கள், ரெண்டும் கிட்டத்தட்ட ஒட்டி வரவேண்டும், வராவிட்டால் யாரோ வெளியூரில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசி வீட்டு நிலக்காரருக்கு இரண்டு சம்சாரம், அங்கே மட்டும் கணக்கு இடித்தது. வாத்தியார் ஒரு தரம் இருமிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, அவரவர் வீட்டை எழுதிவரச் சொன்னார். பெயர், வயசு, கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, துணையை இழந்தவரா, எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன தொழில். இரண்டு சட்டம் போட்டார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. யாரைப் பற்றிய கேள்வியோ அவர் வாயால் பதில் வாங்கவேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டம் மாட்டிக்கொண்டது. அத்தையின் கட்டம்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே மாமா பம்பாய்ப் பக்கம் போகிறேன் என்று கிளம்பிப்போனவர், ஒரு கார்டுகூடப் போடவில்லை. அத்தை எங்களோடு வந்துவிட்டாள். நாங்கள் கோயிலுக்குப் பூக்கட்டும் குடும்பம். அப்பா நந்தவனத்திலிருந்து பறித்து வருவார், கட்டுவது அத்தை. அலரியும் துளசியும் மருக்கொழுந்தும் வாழைநாரில் அவள் விரல் பட்டுப் போகிற வேகத்தில் எது பூ, எது விரல் என்று தெரியாது. பெருமாளின் தோளுக்கு எத்தனை முழம் என்று அளக்காமலே கட்டுவாள், ஒரு நாளும் கூடவோ குறையவோ வந்ததில்லை. கட்டும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

அந்தச் சித்திரையோடு மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் முடிகிறது. அத்தனை காலம் தகவல் இல்லாதவருக்குத் தருப்பையில் உருவம் செய்து, கடற்கரையில் கொளுத்தி, காரியம் முடித்துவிட வேண்டும் என்பது எங்களில் வழக்கம். பங்காளி முறையில் பெரியப்பா ஒருவர் இருந்தார், அவர் இதையே பேசிக்கொண்டிருந்தார். காரியம் முடிந்தால் அத்தையின் பொட்டும் தாலியும் போகும். அதோடு பூவும் போகும். தலையில் வைக்கிற பூ மட்டும் இல்லை. துணையில்லாதவள் கை பட்ட பூவை சாமிக்குச் சாத்த மாட்டார்கள். பெரியவர்கள் பேசுவதைக் கதவிடுக்கில் கேட்டு இதையெல்லாம் நான் தெரிந்துவைத்திருந்தேன்.

அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மீதியை எழுதிப்போனேன். வாத்தியார் காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். அப்பாவைக் கேட்டேன். அது பாட்டுக்குக் கெடக்கட்டும் என்று நந்தவனத்துக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல், அத்தை பூக்கட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டுவிட்டு அழுதுவிட்டேன்.

அத்தையின் விரல் நிற்கவில்லை. "இதுக்கு இன்னாத்துக்குடி அழுவுறே" என்றாள். பிறகு, வெளியூரில் தனியாகக் கிடக்கிறவர்களையும் எழுதுவார்களா என்று விசாரித்தாள். சத்திரத்தில் படுத்திருப்பவர், ரயிலடியில் இருப்பவர், சாமியார், பிச்சைக்காரர், ஒருத்தரையும் விடமாட்டார்கள் என்று வாத்தியார் சொன்னதை ஒப்பித்தேன்.

"அப்ப உங்க மாமா எங்கனா இருந்தா, அவரையும் கேப்பாங்க."

"கேப்பாங்க."

"கல்யாணம் ஆச்சுன்னு சொல்லுவாரு. பொய்யா சொல்லப்போறாரு? அங்க ஆம்பள கணக்குல ஒண்ணு ஏறிடும். இங்க நான் இல்லேன்னு சொன்னா சர்க்காருக்குக் கணக்கு இடிக்காதா?"

இது எனக்குத் தோன்றவே இல்லையே. இந்தியா பூராவுக்கும் கூட்டிவைத்து, ஒரே ஒரு பெண் குறைந்து, அது எங்கள் வீட்டில்தான் குறைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால்? மறுநாள் மணி அடிக்கும் முன்பே ஓடிப்போய் வாத்தியாரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். உங்க அத்தை எதுவரைக்கும் படித்திருக்கிறார் என்று கேட்டார். படிக்கவே இல்லை என்றேன். நல்ல கணக்கு என்றார்.

மாசியில் அவர் நிஜமான புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் மணைப்பலகை போட்டோம். பெரியப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா வரிசையாகச் சொன்னார், வாத்தியார் எழுதினார். அத்தையின் பெயர், வயசு வரைக்கும் ஓடியது. அடுத்த கேள்வியில் அப்பா நின்றுவிட்டார்.

பெரியப்பா முந்திக்கொண்டார். "அதான் முடிஞ்சிபோன கதையாச்சே. சித்திரையில காரியம். இப்பவே கைம்பெண்ணுன்னு போட்டுக்க வேண்டியதுதானே வாத்தியாரே."

"சித்திரையில நடக்கறத சித்திரையிலதான் எழுத முடியும்" என்றார் வாத்தியார். "இன்னிக்கு இன்னாவோ அதுதான் எனக்கு உத்தரவு. அதுவும் அவங்க வாயால."

பேனாவைப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பொறுமையை நான் பிற்பாடு எந்த அதிகாரியிடமும் பார்த்ததில்லை. அவசரம் காட்டவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் அப்பாதான் உள்ளே திரும்பி, "யக்கா, கொஞ்சம் வாயேன்" என்றார்.

அத்தை பாதி கட்டிய மாலையோடு வந்து தூணோரம் நின்றாள். வெளி ஆண்கள் முன்னால் அவள் வந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கல்யாணம் ஆனவள்னு எழுதுங்க வாத்தியாரே. ஆம்பள பக்கம் ஒண்ணு கொறஞ்சா அவங்க தேடிக்கட்டும். பொம்பள பக்கம் நான் கொறய மாட்டேன்."

வாத்தியார் எழுதினார். அடுத்து, தொழில் என்று கேட்டார். அப்பா வழக்கப்படி, வூட்டோட கீறாங்க என்றார்.

"பூ கட்டறேன்" என்றாள் அத்தை. "பெருமாளுக்கு."

அதையும் எழுதினார். அத்தை மாலையை முடிக்க உள்ளே போய்விட்டாள்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சரி, இருக்கட்டும், சித்திரைக்கு யாரை வரச்சொல்லலாம் என்று ஆரம்பித்தார். அப்பா அதிர்ந்து பேசாத மனுஷர். அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாண்ணா பேசறே? சர்க்கார் புஸ்தகத்துல ஏறிப்போச்சு. இனிமே அத மாத்தி ஒண்ணு செஞ்சா நான்தான் ஜெயிலுக்குப் போவணும். நீயும் சாட்சிக்கு இங்கதான் குந்திக்கினு இருந்தே." பெரியப்பா திடுக்கிட்டு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேனாவின் மூடியைத் திருகினார், புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டார்.

பெரியப்பா சித்திரையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. சர்க்காரின் பலத்தைக் கண்டு நான் பிரமித்துப்போனேன். ஒரு வரி எழுதினால் ஒரு காரியமே நின்றுவிடுகிறதே என்று. அப்படி ஒரு சட்டமும் கிடையாது, அப்பாவுக்கும் அது தெரியும், வாத்தியாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அப்பாவுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது.

அப்போது எனக்கு இருந்ததெல்லாம் வேறு கவலை. மாமா கிடைத்தாரா என்று வாத்தியாரை வாரத்துக்கு ஒரு தரம் கேட்பேன். இன்னும் கூட்டி முடிக்கவில்லை அம்மா என்பார், ஒரு தடவைகூட எரிச்சல்படாமல். ஐந்தாவது முடிந்ததும் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அத்தையோடு பூக்கட்ட உட்கார்ந்தேன். தபால்காரர் தெருவில் நுழைந்தாலே, பம்பாயில் கணக்கு ஒட்டிவிட்டது, இன்ன ஊரில் இருக்கிறார் என்று கடிதம் வரும் என்று வாசலுக்கு ஓடுவேன்.

அத்தை தலை நிமிர்த்திக்கூடப் பார்க்கமாட்டாள். கணக்குக் கூட்டியாயிற்றா என்று ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. சர்க்கார் எப்படியும் தேடிக் கொடுத்துவிடும் என்று எவ்வளவு நம்பிக்கையாக இருக்கிறாள், நான்தான் அவசரப்படுகிறேன் என்று நினைத்து வெட்கப்படுவேன். அவள் பாட்டுக்கு அடுத்த பூவை எடுத்து நாரில் வைப்பாள்.