மேகம் இறங்கிய நாளில் பரீட்சை

பூண்டியில் எங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்குக் கதவு கிடையாது. மேகம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் கரும்பலகை காணாமல் போகும், அப்புறம் டீச்சர். குரல் மட்டும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து மிதந்து வரும்.

அந்த மாதிரி நாட்களில் கணக்கில் அக்காதான் ராணி. மற்ற நாட்களில் நான். அக்கா மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை பெயிலாகி, என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பலகையில் எழுதிப்போட்டால் எண்ணெல்லாம் அவளுக்கு ஈசல் மாதிரிப் பறந்துவிடும். வாயால் சொன்னால் போதும். கண்ணை மூடிக்கொள்வாள், கால் விரல்கள் தரையில் மெல்ல நகரும், விடை வந்துவிடும்.

"எப்படிக்கா?"

"நம்ம பூண்டுக் காட்டுல ஏறி எறங்குவேன்டி. படி மாதிரி ஏழு தட்டு, தட்டுக்கு எட்டுப் பாத்தி. நடந்தா வந்துருது."

"அப்பப் பரீட்சையையும் காட்டுலயே போயி எழுதிக்க" என்று சிரித்தேன்.

அந்த வருஷம் முழுப்பரீட்சைக்கு முன்னால் எங்கள் அய்யா பள்ளிக்கே வந்துவிட்டார். "மூத்த மக இந்தத் தடவையும் பெயிலானா காட்டுக்கே வந்துரட்டுங்க டீச்சர். சோலி கெடக்கு." அன்றைக்கு அக்கா சோற்றைத் தொடவில்லை.

பரீட்சை திங்கட்கிழமை. பளீரென்று வெயில். சாக்பீஸ் தீர்ந்துபோச்சு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் டீச்சர். செவ்வாயும் வெயில், அவருக்குத் தலைவலி. புதன்கிழமை எங்களைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் மத்தியானம் மேகம் இறங்கியது.

"வெரசா உள்ள வாங்க! கணக்குப் பரீட்சை!"

"போர்டே தெரியலையே டீச்சர்" என்றேன்.

"காது இருக்குல்ல? நான் கேக்கேன், ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க."

கண்ணால் பார்க்காத கணக்கு எனக்கு வரவில்லை. இரண்டு தப்பு. அக்காவின் முறை வந்தபோது வெள்ளைக்குள் அவள் கால் விரல்கள் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பத்துக்குப் பத்து.

வீடு வரைக்கும் மேகத்தைத் திட்டிக்கொண்டே போனேன். அக்கா பாடிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

டீச்சர் மேசைக்குள் பிரிக்காத சாக்பீஸ் பெட்டி ஒன்று திங்கட்கிழமையே இருந்ததை நான் பார்த்திருந்தேன். பாவம், டீச்சருக்கு மறதி என்று நினைத்துக்கொண்டேன்.